பாலைவன ஊருக்கு நண்பர்கள் வரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து இறங்கி, ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடும் நண்பர்களைப் பாலைவனத்துக்கு அழைத்துப்போவது பற்றி வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் பாலைவனத்தை ஒட்டிக் குடியிருப்பவருக்கு, அதாவது கூட்டிப்போகிறவருக்கு. வருகிறவர்களுக்கு எதுவும் தெரியாமல் இருப்பதில் தப்பில்லை.

எந்த மாதத்தில் வரச் சொல்லலாம்?

வெப்பப் பாலைவனம் என்றால் குளிர்காலமும் அதன் முன்பின் வாரங்களும்தான். தார், அரேபியா, சஹாரா, அமெரிக்கத் தென்மேற்கு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை. நமீப் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே மே முதல் செப்டம்பர். லடாக், கோபி போன்ற குளிர் பாலைவனங்களில் கணக்கு தலைகீழ், கோடையில்தான் போவார்கள். லடாக்கை வார இறுதிப் பயணத்துக்கு நான் சொல்லவே மாட்டேன். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் உடம்பு அந்த உயரத்துக்குப் பழகவே சரியாக இருக்கும். அதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும்.

"எங்களுக்குக் கோடையில்தான் லீவு" என்று சொல்கிறவர்களும் வரட்டும். ஆனால் அது சுற்றிப்பார்க்கும் பயணம், நடைபயணம் இல்லை என்பதை அவர்கள் டிக்கெட் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் "ஒரு சின்ன நடைதானே" என்று ஆரம்பிப்பார்கள்.

நான் வாராவாரம் நடக்கிற பாதைதான். அவர்களைக் கூட்டிப்போக என்ன தயக்கம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சூட்டுக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும். பழகிய உடம்பில் என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள்: வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதிகமாகச் சுரக்கிறது, அதில் உப்பு குறைவாக வெளியேறுகிறது, ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, அதே வேலைக்கு இதயம் குறைவாக அடிக்கிறது. இவை எல்லாம் உங்களுக்கு எப்போதோ நடந்து முடிந்துவிட்டன. நீங்கள் கவனித்திருக்கக்கூட மாட்டீர்கள். இரண்டு நாளுக்கு வருகிறவருக்கு இதில் ஒன்றும் நடக்கப்போவதில்லை. அவர் ஊரில் தினமும் 10 கிலோமீட்டர் ஓடுகிறவராக இருக்கலாம். அது உதவும், ஆனால் பழக்கத்துக்கு ஈடாகாது.

அதனால் "இது ஒன்றுமில்லை, ஒரு மணி நேரப் பாதை" என்று நீங்கள் சொல்வது உங்கள் உடம்பை வைத்துச் சொல்வது. பாலைவனத்தில் விருந்தாளிக்கு ஏற்படும் ஆபத்தில் பாதி அந்த "ஒன்றுமில்லை"யில் இருந்துதான் வருகிறது. நீங்கள் சாதாரணமாக நடக்கும் தூரத்தில் பாதியைத் தேர்ந்தெடுங்கள். நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள். நடைபயணக்காரர்கள் 1892-இலிருந்து பயன்படுத்திவரும் நெய்ஸ்மித் கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். அது ஸ்காட்லாந்தின் குளிரில், நிற்காமல் நடக்கிற ஆளுக்குப் போட்ட கணக்கு. படம் எடுக்க, தண்ணீர் குடிக்க, பல்லியைப் பார்த்து நிற்க என்று உங்கள் கூட்டத்துக்கு அதைப்போல ஒன்றரை மடங்காவது வேண்டும்.

கிளம்பும் முன் திரும்பும் நேரத்தை எல்லோர் காதிலும் போடுங்கள். "எட்டரை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்." உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் அதுதான் விதி. அந்த நேரத்தில் வாக்குவாதம் நடத்துவதைவிட, காரில் ஏறும் முன்பே பேசி முடிப்பது எளிது.

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

சூரியன் எழும்போது பாதையின் தொடக்கத்தில் நிற்க வேண்டும். பத்து மணிக்குக் காருக்குத் திரும்பியிருக்க வேண்டும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் பூங்காக் காவலர்கள் கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை நடக்க வேண்டாம் என்று சொல்கிறார்கள். எந்த வெப்பப் பாலைவனத்துக்கும் அது பொருந்தும்.

ஆனால் உண்மையான சிக்கல் சூரியன் இல்லை, உங்கள் வீட்டுக் குளியலறை. ஆறு பேர், ஒரு குளியலறை என்றால் ஐந்து மணிக்குக் கிளம்ப மூன்றரைக்கு எழ வேண்டிவரும். அதைத் தவிர்க்க ஒரே வழி, "குளியல் திரும்பி வந்தபிறகு" என்று முதல் நாளே அறிவித்துவிடுவதுதான். தண்ணீர், தொப்பி, பைகள் எல்லாம் ராத்திரியே காரில் ஏறிவிடட்டும். காலையில் ஆட்கள் மட்டும் ஏறினால் போதும்.

ஓர் ஆளுக்கு எவ்வளவு தண்ணீர்?

நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர். குளிர்காலக் காலையில் அரை லிட்டர் போதும். வெயில், ஏற்றம், மணல் என்றால் ஒரு லிட்டர். அதற்கு மேல் காரில் ஒரு பெரிய கேன் தனியாக இருக்கட்டும். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வறண்ட காற்றில் வியர்வை சுரந்தவுடனே காய்ந்துவிடும். கடலோர ஊரிலிருந்து வருகிறவர் "இங்கே வெயில் இருக்கிறது, ஆனால் வியர்க்கவே இல்லை, நல்லா இருக்கு" என்பார். அவர் முதுகைத் திருப்பிப் பாருங்கள். கருநீலச் சட்டை என்றால் தோள்பட்டையிலும் பைவார் பட்ட இடத்திலும் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். தண்ணீர் காற்றோடு போய்விட்டது. உப்பு மட்டும் மிச்சம். வியர்க்கவில்லை என்று நினைப்பவர் குடிக்கவும் மாட்டார். அதனால் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் ஒரு டம்ளர் அளவு குடிக்கச் சொல்லுங்கள். சொல்வது மட்டும் போதாது, நீங்களும் நின்று குடித்துக் காட்டுங்கள்.

மறுபக்கமும் உண்டு. பயத்தில் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வாந்தி, தலைவலி, குழப்பம் வரும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. பார்க்க வெயில் பட்ட மாதிரியே இருக்கும் என்பதால் "இன்னும் குடி" என்று கொடுத்துக் கெடுத்துவிடுவார்கள். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் யாரும் குடிக்க வேண்டாம். கூடவே உப்புள்ள நொறுக்குத்தீனி, நீண்ட நடை என்றால் ஓஆர்எஸ் பொட்டலம். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

தண்ணீரை ஒருவர் பையில் மொத்தமாகப் போடாதீர்கள். அவர் முன்னால் போய்விட்டால் மற்றவர்கள் கதி என்ன? ஆளுக்கொரு புட்டி, அவரவர் தோளில். யாராவது ஒருவர் தண்ணீர் பாதியானால் எல்லோரும் திரும்ப வேண்டும்.

2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒயிட் சாண்ட்ஸில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி தங்கள் 9 வயது மகனோடு நடக்கப் போனார்கள். வட்டப்பாதை, மொத்தம் 7 கிலோமீட்டர் சுமாருக்கு. வெயில் 38 டிகிரியை ஒட்டி. கையில் இருந்தது சிறிய தண்ணீர் புட்டிகள் மட்டும். தம்பதி இருவரும் இறந்துவிட்டார்கள், பையன் பிழைத்தான். 38 டிகிரியும் 7 கிலோமீட்டரும் காதுக்குப் பெரிதாகப் படாத எண்கள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

என்ன உடை எடுத்துவரச் சொல்வது?

தளர்வான முழுக்கைச் சட்டை, முழு நீளக் கால்சட்டை, கழுத்தையும் மறைக்கும் அகல விளிம்புத் தொப்பி, வெயில் கண்ணாடி. "வெயிலுக்குப் போகிறோம்" என்று அரைக்கால் சட்டையோடு வந்து இறங்குபவர் எப்போதும் ஒருவர் இருப்பார். உங்கள் அலமாரியில் இரண்டு பழைய முழுக்கைச் சட்டைகளை ஒதுக்கிவையுங்கள். வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. சன்ஸ்கிரீனைத் தாடைக்குக் கீழேயும் மூக்கின் அடியிலும் பூசச் சொல்லுங்கள். யாரும் பூசமாட்டார்கள், மாலையில் எரியும்.

வெள்ளைதான் போட வேண்டுமா என்று கேட்பார்கள். பாலைவன நாடோடிகளான பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று 1980-இல் ஓர் ஆய்வு வந்தது. கறுப்பு அங்கி கூடுதல் வெப்பத்தை வாங்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கி தளர்வாக இருப்பதால் உள்ளே காற்று ஓடி, அந்த வெப்பம் தோலை அடையும் முன்பே வெளியேறிவிடுகிறது. நிறத்தைவிடத் தளர்வு முக்கியம் என்று எடுத்துக்கொள்ளலாம். உடம்பை ஒட்டும் கறுப்புச் சட்டைக்கு இது பொருந்தாது.

காலுக்கு மூடிய, ஏற்கெனவே பழகிய ஷூ. புது ஷூவோடு வருகிறவரைச் சனிக்கிழமை சுற்றிப்பார்க்கும் பக்கம் திருப்பிவிடுங்கள்.

ராத்திரி நிஜமாகவே குளிருமா?

குளிரும். காற்றில் ஈரமும் மேகமும் இல்லாததால் பகலில் வாங்கிய சூடு எல்லாம் தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடுகிறது. பகல் 28, இரவு 8 என்பது பல பாலைவனங்களில் சாதாரணம். ஆளுக்கொரு ஸ்வெட்டர், காதை மூடும் ஏதாவது ஒன்று. கிளம்பும் முன் தொலைபேசியில் சொல்லுங்கள், சிரிப்பார்கள், பரவாயில்லை.

மணல்மேடா, பாறைக் குன்றா, பள்ளத்தாக்கா? எதற்குக் கூட்டிப்போவது?

முதல்முறை வருகிறவர்களுக்குப் பாலைவனம் என்றால் மணல்மேடுதான். சஹாராவிலேயே பெரும்பகுதி கல்லும் சரளையும் என்று சொன்னால் முகம் வாடிவிடும். ஆகவே மணல்மேடு ஒன்றைக் கட்டாயம் காட்டுங்கள், ஆனால் காலையிலோ மாலையிலோ. சாய்ந்த வெயிலில்தான் அதன் வளைவுகள் நிழலோடு எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் படம் எடுத்தால் தட்டையாக ஒரு மஞ்சள் சுவர் வரும். மதிய மணல் 60, 70 டிகிரி வரை போகும். செருப்பின் ஓரத்தில் சரிந்து விழுந்தாலே கால் சுட்டுவிடும்.

மணலில் நடக்கக் கெட்டித் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். நேரே ஏறினால் ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கும். காற்று அடிக்கும் பக்கம் மணல் இறுகியிருக்கும், சாய்வும் குறைவு. அந்தப் பக்கமாக முகட்டைப் பிடித்து, முகட்டின் மேலேயே நடந்து போங்கள். முன்னால் போகிறவரின் தடத்திலேயே கால் வைத்தால் பின்னால் வருகிறவர்களுக்கு இன்னும் எளிது. மறுபக்கச் சரிவு சுமார் 34 டிகிரி. காய்ந்த மணல் அதற்கு மேல் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும். இறங்க அதுதான் சரியான வழி. குதிகாலை ஊன்றிக் குதித்துக் குதித்து இறங்கச் சொல்லுங்கள், பெரியவர்களும் குழந்தைகளாகிவிடுவார்கள். சில மேடுகளில் மணல் நன்றாகக் காய்ந்திருந்தால், சரியும்போது அடிவயிற்றில் அதிர்கிற மாதிரி ஒரு 'ஹூம்' ஒலி எழும். தூரத்தில் விமானம் போகிறது என்றுதான் முதலில் நினைப்பார்கள். மணிகள் ஒன்றோடொன்று உரசிச் சரியும் ஒலி அது. மார்க்கோ போலோ இதை ஆவிகளின் வேலை என்று எழுதிவைத்தார்.

பள்ளத்தாக்கில் வேறு சிக்கல். மலையில் முதலில் ஏறுகிறோம், களைத்தபின் இறங்குகிறோம். பள்ளத்தாக்கில் முதலில் இறங்குகிறோம். காலை நேரம், குளிர், உற்சாகம். களைத்தபின், வெயில் ஏறியபின், ஏற வேண்டும். இறங்க இறங்கச் சூடும் கூடும். 300 மீட்டருக்கு ஏறக்குறைய 3 டிகிரி. "இறங்குவது விருப்பம், ஏறுவது கட்டாயம்" என்று கிராண்ட் கேன்யன் பக்கம் சொல்வார்கள். இறங்க எடுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டு, மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே திரும்பிவிடுங்கள்.

பாறைக் குன்றுதான் என் தேர்வு. நிழல் கிடைக்கும், பாதை தெளிவு, பாதியில் திரும்பினாலும் ஏதோ ஒரு காட்சி கிடைத்திருக்கும்.

மழையே இல்லாத ஊர். வெள்ளத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்?

காட்டாறு மழை பெய்த இடத்தில் நிற்காது என்பதால்தான். காய்ந்து இறுகிய மண்ணும் வெறும் பாறையும் தண்ணீரை உறிஞ்சாது. பெய்ததெல்லாம் ஓடைகளில் சேர்ந்து கீழே வரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. ஜோர்டானில் உள்ள பெட்ரா என்ற பழைய நகரத்தில் 1963-இல் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகளைச் 'சிக்' எனும் பாறை இடுக்கில் வெள்ளம் அடித்துச் சென்றது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே அந்த நகரத்தைக் கட்டிய நபாத்தியர்கள் அந்த இடுக்கின் வாயிலில் அணை கட்டி, பாறையில் சுரங்கம் குடைந்து வெள்ளத்தைத் திருப்பிவிட்டிருந்தார்கள் என்பதுதான் இதில் வேதனை. அந்த 1963 வெள்ளத்துக்குப் பிறகுதான் அணை மறுபடி எழுந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. உங்கள் தலைக்கு மேலிருக்கும் வானத்தை மட்டுமல்ல, ஓடை எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து வானிலையையும் பாருங்கள். அங்கே இடி, மழை என்று இருந்தால் பாறை இடுக்குகளுக்குப் போக வேண்டாம், திட்டத்தை மாற்றுங்கள். உள்ளே இருக்கும்போது தண்ணீர் கலங்கினால், குச்சி சருகு மிதந்து வந்தால், இரைச்சல் கேட்டால், பையை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள். மணலாற்றுப் படுகையில் கூடாரம் போடாதீர்கள், எவ்வளவு சமதளமாக இருந்தாலும். சாலையைக் கடந்து தண்ணீர் ஓடினால் காத்திருங்கள், 60 செ.மீ. ஆழத்தில் ஓடும் நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும்.

பாம்பு, தேள் பற்றி வருகிறவர்கள் பயப்படுகிறார்களே?

பயப்படட்டும், நல்லதுதான், ஆனால் வெயில் அளவுக்கு இவற்றால் ஆபத்து இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையையும் காலையும் வைக்கக் கூடாது. பாறை விளிம்பைப் பிடிக்கும் முன் எட்டிப் பாருங்கள், கட்டையைத் தாண்டாமல் அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் பார்த்து இறங்குங்கள். வெளியே கழற்றிவைத்த ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். பாம்பைத் துரத்திப் படம் எடுக்கப் போய் இரண்டாவது ஆள் கடிபடுவது உண்டு.

தேளை ஒரு வேடிக்கையாகவே காட்டலாம். புற ஊதா டார்ச் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பின் கல்லிடுக்குகளில் அடித்தால் தேள் பச்சை நீலமாக ஒளிரும். இத்தனை நேரம் வெறும் தரையாக இருந்த இடத்தில் இரண்டு மூன்று பச்சைக் கொடுக்குகள் அசையும்போது, அதுவரை வெறுங்காலில் நின்றவர் சத்தமில்லாமல் ஷூவைத் தேடிப் போவார்.

கள்ளி முள் குத்தினால்?

சாதாரண முள் என்றால் இடுக்கியால் பிடுங்கலாம். அமெரிக்கப் பாலைவனங்களில் 'சோயா' (cholla) என்றொரு கள்ளி உண்டு. லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். முள்நுனியில் பின்னோக்கிய கொக்கிகள் இருப்பதால், கையால் பிடுங்கினால் கையிலும் ஒட்டும். ஒரு சீப்பை எடுத்து, தோலுக்கும் துண்டுக்கும் இடையே நுழைத்து, ஒரே வெட்டாக உடம்பை விட்டு வெளிப்பக்கம் தெறிக்கவிட வேண்டும். எதிரே யாரும் நிற்க வேண்டாம். மிச்ச முட்களை இடுக்கியால் எடுக்கலாம். பையில் ஒரு சீப்பு, ஓர் இடுக்கி.

குழந்தைகள், வயதானவர்கள், மருந்து சாப்பிடுகிறவர்கள் வந்தால்?

குழந்தைகள் சீக்கிரம் சூடாவார்கள், தாங்களாகக் குடிக்கக் கேட்கமாட்டார்கள். வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பதே தாமதமாகத்தான். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சிறுநீர் பெருக்கி மாத்திரைகள் உடம்பின் நீரைக் குறைக்கும். சில ஒவ்வாமை மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று நேரே கேட்பது கூச்சமாக இருந்தால், "வெயிலில் நடக்கலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் செய்தி அனுப்பிவிடுங்கள். இன்சுலின் கொண்டுவருகிறவர் இருந்தால் அதைக் காரில் விட்டுப்போகக் கூடாது. நிறுத்திய காருக்குள் முதல் அரை மணி நேரத்திலேயே சூடு மளமளவென்று ஏறிவிடும். குழந்தையையோ நாயையோ ஐந்து நிமிடம்கூட உள்ளே விடாதீர்கள்.

நடக்கும்போது ஒருவருக்குத் தலை சுற்றினால்?

அங்கேயே நில்லுங்கள். "கார் பக்கத்தில்தான், மெல்ல நடந்துவிடலாம்" என்று தள்ளிக்கொண்டு போகாதீர்கள். நிழலில் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, சட்டையைத் தளர்த்தி, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக உப்பும் சர்க்கரையும் சேர்ந்த தண்ணீர். தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, சோர்வு என்ற அளவில் இருந்தால் அரை மணி நேரத்தில் தேறும். தேறினாலும் அன்றைக்கு நடை முடிந்தது.

பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், தள்ளாடினால், மயங்கினால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். அவசர உதவியை அழையுங்கள், அது வரும்வரை சும்மா இருக்காதீர்கள்: இருக்கிற தண்ணீரை எல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள், பனிக்கட்டி இருந்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். குழப்பத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறும். தோல் காய்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். வியர்த்துக்கொண்டே இருப்பவருக்கும் வரும். மூளை தடுமாறுகிறதா என்பதுதான் அடையாளம். அதைக் கண்டுபிடிக்க, வழியில் அவ்வப்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடங்கள். கலகலப்பான ஆள் அமைதியானால் நின்று பாருங்கள்.

மணலில் காரை இறக்கலாமா?

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி, மணலில் ஓட்டிப் பழகிய ஆள், துணைக்கு இன்னொரு வண்டி, இந்த மூன்றும் இருந்தால். டயர் காற்றை 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை குறைத்தால் டயர் பரந்து மணல்மேல் மிதக்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் திரும்ப நிரப்பியாக வேண்டும், அதற்கு ஒரு பம்ப். சிக்கிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் புதையும். விருந்தாளிகளை வைத்துக்கொண்டு இதைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

புழுதிப்புயல் வந்தால்?

சாலையைவிட்டு முடிந்தவரை தள்ளி நிறுத்துங்கள். எல்லா விளக்கையும் அணையுங்கள், ஹசார்ட் விளக்கையும்தான். ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். பின்னால் வருகிற வண்டிக்காரர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்தால், சாலை அங்கேதான் போகிறது என்று நினைத்து நேரே வந்து மோதுவார்.

சிக்னல் இருக்காதே, வழி தெரியாமல் போனால்?

ஜிபிஎஸ்ஸுக்கு போன் சிக்னல் தேவையில்லை, வரைபடத்துக்குத்தான் தேவை. வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேர் போனிலாவது. வெயிலில் போன் சூடாகித் தானாக அணைந்துவிடும். பையின் உள்ளே துணியில் சுற்றி வையுங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணிக்கு மேல் தேட ஆரம்பிக்க வேண்டும் என்று ஊரில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வண்டி பழுதானால் வண்டியோடு இருங்கள். தேடுகிறவர்களுக்கு நடந்துபோகும் ஆளைவிட வண்டி சீக்கிரம் கண்ணில் படும்.

பத்து மணிக்கே திரும்பிவிட்டால் மதியம் முழுக்க என்ன செய்வது?

தூங்குவது. இதைத் திட்டத்தில் எழுதியே வையுங்கள், இல்லையென்றால் "இவ்வளவு தூரம் வந்துவிட்டு" என்று யாராவது கிளப்புவார்கள். மூன்றரை, நான்குக்கு மேல் சுற்றிப்பார்க்கக் கிளம்பலாம்: அருங்காட்சியகம், கோட்டை, பழைய வணிகப் பாதைச் சத்திரம், பாறைச் செதுக்கல்கள், உங்கள் ஊரில் எது உண்டோ அது. அரை நாளுக்கு ஓர் இடம் போதும். ஏழு இடத்தை ஓட்டமாகக் காட்டினால் அவர்களுக்கு வாகன நிறுத்துமிடங்கள்தான் நினைவிருக்கும்.

பாறைச் செதுக்கல் இருக்கும் இடம் என்றால் ஒரு விஷயம் காட்டுங்கள். பாறையின் மேல் பளபளவென்று கருத்த படலம் இருக்கும். இரும்பும் மாங்கனீசும் களிமண்ணோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் படிந்தது. அந்தக் காலத்து ஆட்கள் அதைக் கொத்தி எடுத்து, அடியில் இருக்கும் வெளிர் நிறத்தில் ஆட்டையும் மானையும் வரைந்தார்கள். விரலால் தடவக் கூடாது. தோலின் எண்ணெய் படலத்தைக் கெடுக்கும்.

புகழ்பெற்ற இடங்களுக்கு அனுமதி, முன்பதிவு பற்றி நண்பர்கள் தேதி சொன்ன அன்றைக்கே பாருங்கள். ஆன்டிலோப் கேன்யனுக்குள் அந்தப் பகுதிப் பழங்குடியினரான நவஹோ வழிகாட்டி இல்லாமல் நுழையவே முடியாது.

நடக்கவே விருப்பமில்லாத ஒருவர் கூட்டத்தில் இருந்தால்?

வற்புறுத்த வேண்டாம். வீட்டுச் சாவியைக் கொடுத்துத் தூங்கவிடுங்கள். சூரிய அஸ்தமனத்துக்குக் காரிலிருந்து இறங்கி இருபது அடியில் பார்க்கும் இடம் எல்லா ஊரிலும் உண்டு. அதற்கு அவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நட்சத்திரம் பார்க்க எந்த நாள் நல்லது?

அமாவாசையை ஒட்டிய வார இறுதி. மணல்மேட்டில் நிலா வெளிச்சத்தில் நடக்க ஆசை என்றால் பௌர்ணமி. இரண்டும் ஒரே வார இறுதியில் கிடைக்காது, எது வேண்டும் என்று முன்பே கேளுங்கள்.

பால்வீதியின் நடுப்பகுதி வளைந்து எழும் படத்தைப் பார்த்துவிட்டு டிசம்பரில் வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: அது அந்த மாதத்தில் சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் இரவில் தெரியாது. பதிலுக்குக் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை மூன்றும் கிழக்கே ஒன்றன்பின் ஒன்றாக ஏறிவரும். கார்த்திகைக் கொத்தில் ஊரில் ஐந்தாறு எண்ணியவர்கள் இங்கே இன்னும் சிலவற்றை எண்ணுவார்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். நடுவில் ஒருவர் போனைத் திறந்தால் எல்லோருக்கும் முதலிலிருந்து. டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். தரையில் விரிப்பு போட்டு மல்லாந்து படுத்தால் கழுத்து தப்பிக்கும்.

கல்லோ மணலோ நினைவுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

பாதுகாக்கப்பட்ட பூங்காக்களில் கூடாது. அரிசோனாவின் கல்லாகிப்போன மரக்காட்டுப் பூங்காவுக்கு, எடுத்துப்போன கல்லை மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. ஆனால் திரும்பி வந்த கல்லை எடுத்த இடத்தில் வைக்க முடியாது, எந்த இடம் என்று தெரியாதே.

பாதையைவிட்டு விலகி நடப்பதும் இதே வகைதான். சில பாலைவனங்களில் தரைமேல் கருத்து, மேடு பள்ளமாக ஒரு மேலோடு இருக்கும். நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மண்ணைப் பிடித்துவைத்திருக்கும் உயிருள்ள மேலோடு அது. ஒரு காலடி பட்டால் நொறுங்கும். திரும்ப வளரப் பல பத்தாண்டுகள்.

வீட்டில் என்ன தயார் செய்துவைப்பது?

ஒவ்வொரு படுக்கை ஓரமும் ஒரு புட்டி தண்ணீர். வறண்ட காற்றுக்குப் பழகாதவர்களுக்கு நடு ராத்திரி தொண்டை காய்ந்து விழிப்பு வரும், சிலருக்கு மூக்கில் ரத்தம்கூட வரும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் முதல் நாளே சொல்லிவைக்காவிட்டால் பயந்துவிடுவார்கள். லிப் பாம், உடம்புக்குத் தடவ ஏதாவது கிரீம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கண்ணாடியும் எடுத்துவரட்டும். வாசலில் ஒரு பழைய துண்டும் துடைப்பமும், ஷூ எல்லாம் அங்கேயே. அப்படியும் மணல் உள்ளே வரும்.

வெள்ளி இரவு பேச்சு நீளும். மதுவும் நடு ராத்திரியும் சேர்ந்தால் சனிக்கிழமை நடையை ரத்து செய்துவிடுங்கள். உடம்பில் நீர் குறைந்த நிலையில் வெயிலில் இறங்கக் கூடாது.

ஞாயிறு காலையிலும் ஒரு நடை வைக்கலாமா?

வைக்கலாம், சனிக்கிழமையைவிடச் சிறியதாக, ஒரு மணி நேரத்துக்குள். முதல் நாள் களைப்பு கால்களில் இருக்கும், அதோடு மாலையில் அவர்கள் ஊர் திரும்ப வேண்டும். அவர்களே காரோட்டிப் போகிறவர்கள் என்றால் நடையை விட்டுவிட்டுக் கூடுதலாகத் தூங்கவிடுவேன். நேரான பாலைவனச் சாலையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குவது சாதாரணம். ஓட்டுநர் மாற்ற இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். பெட்ரோலை ஊருக்குள்ளேயே நிரப்பச் சொல்லுங்கள், காரில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் ஏற்றிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி போடச் சொல்லி, எத்தனை மணிக்கு அது வர வேண்டும் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.